நாறாத குப்பி

ஜூன் 6, திங்கள்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். இல்லையென்றால் எனக்கு இந்த வேண்டாத வேலை எதற்கு? "தினமும் எதை மோந்தீங்க, அது என்ன மாதிரி நாறுச்சுன்னு குறிச்சிட்டு வாங்கம்மா. எது எப்ப சரியாகுதுன்னு பாத்துரலாம்" என்றார். காது மூக்கு தொண்டை டாக்டர். பார்த்த நேரத்தில் பாதி போனில்தான் இருந்தார்.

ஜனவரியில் அந்தக் காய்ச்சல் வந்து போனபோது மூக்கையும் வாரிக்கொண்டு போனது. பங்குனி வரைக்கும் ஒரு வாசனையும் தெரியவில்லை. அதுவே தேவலாம் என்று இப்போது தோன்றுகிறது. சித்திரையில் மோப்பம் திரும்பி வந்தது. வந்தது என் மூக்கு இல்லை, எந்தக் கழிசடையின் மூக்கோ.

காப்பி: கருகின ரப்பரும் அழுகின வெங்காயமும்.
பல்பசை: மண்ணெண்ணெய்.
சாம்பார்: வாந்தி. வாந்தி மாதிரி இல்லை, வாந்தியே.
தேங்காய் எண்ணெய்: செத்த எலி.
இவர் தலை: அதே செத்த எலி.

இவர் என்றால் என் வீட்டுக்காரர், கொம்பையா. மின்வாரிய ஆபீசில் வேலை. டாக்டர் படித்தால் யாரென்று தெரியட்டும் என்று எழுதுகிறேன். நேற்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தள்ளிப் போங்க" என்றேன். போனார்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். கிருமியைக் கொல்லுகிற புதுச் சேர்மங்கள் செய்து பார்க்கிறேன், முனைவர் பட்டத்துக்கு, பாளையங்கோட்டையில் என்றேன். இந்தக் காய்ச்சல் கிருமியையும் கொல்லுமா என்றார். எங்கள் கைடு சார் கொல்லும் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்றேன். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 7, செவ்வாய்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கல்லூரியில் 'பிரியாணி லேப்' என்று பெயர். பட்டையின் காரத்துக்கும் வாசனைக்கும் காரணமான சரக்கைத் தனியாகப் பிரித்துக் குப்பியில் விற்கிறார்கள், சின்னமால்டிஹைடு. அதை ஒவ்வொரு பொருளோடும் சேர்த்துக் கொதிக்க வைத்துப் பன்னிரண்டு புதுச் சேர்மங்கள் செய்தேன். அந்த வருஷம் முழுக்க மாடிப்படி வரை கல்யாண வீட்டு வாசனை. அது முடிந்து ரொம்ப நாளாகிவிட்டது. இப்போது இங்கே அடிப்பது அடைத்துக்கொண்ட சிங்க்கின் வாடை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பன்னிரண்டையும் கீழ் மாடியில் நுண்ணுயிரியல் ஆய்வு செய்யும் ரோஸ்லின் கிருமிமேல் வைத்துப் பார்த்தாள். வட்டத் தட்டில் கடல்பாசிக் கூழ் ஊற்றி, அதன்மேல் கிருமியைத் தடவி, சேர்மத்தில் நனைத்த காகிதப் பொட்டை நடுவில் வைப்பாள். மறுநாள் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து வளையம் விழுந்திருந்தால் ஜெயித்தோம். அதற்கு இங்கே 'ஜோன்' என்று பேர். மழை வந்துச்சா என்று கேட்கிற மாதிரி "ஜோன் வந்துச்சா?" என்றுதான் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வோம். பதினொன்றுக்கு வரவில்லை. கிருமிகள் பொட்டின் மேலேயே ஏறிக் குடித்தனம் நடத்தின. ஒன்பதாவதுக்கு மட்டும் வந்தது. நல்ல அகலமான ஜோன்.

ஐந்து வருஷத்துக்கு என் கையில் இருப்பது அந்த ஒன்பதாம் நம்பர் மட்டும்தான். அதை வைத்து ஒரு பேப்பர், அதாவது ஆய்வுக் கட்டுரை, வெளிவர வேண்டும், பேப்பர் வந்தால்தான் தீசிஸ் கொடுக்க முடியும், ஜூலைக் கடைசியோடு என் பதிவுக்காலம் முடிகிறது. இன்று கட்டுரை அனுப்பியிருந்த ஆய்வுப் பத்திரிகையிலிருந்து பதில் வந்துவிட்டது. கட்டுரையைப் பரிசோதித்தவர் ஒரே ஒரு வரிதான் கேட்டிருக்கிறார்: ஒன்பதைப் புதிதாகச் செய்து சோதனையைத் திரும்பக் காட்டவும்.

கைடு நெல்லையப்பன் சார் துள்ளிக் குதித்தார். "அவ்வளவுதானம்மா! ஒரு வாரத்து வேல. பேப்பர் உள்ள போயிட்டுன்னு வச்சுக்கோ." அடுத்த மே மாதம் ரிட்டயர் ஆகிறார். சொல்லிக்கொண்டே பேனா மூடியால் காதைக் குடைந்து, அதை வேட்டியில் துடைத்து, அதே கையால் முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். வேண்டாம் சார் என்றேன்.

ஜூன் 9, வியாழன்

எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது, டாக்டர்.

பழைய ஒன்பதை எடுத்து எவ்வளவு மிச்சம் என்று பார்க்கக் குப்பியைத் திறந்தேன். கெமிஸ்ட்ரிக்காரர்கள் செய்யக்கூடாத காரியம், ஆனாலும் எல்லோரும் செய்வதுதான்: மோந்து பார்த்தேன். நாறவில்லை. நாறாதது மட்டும் இல்லை, நல்ல வாசனை. ஐந்து மாதத்தில் முதல் நல்ல வாசனை. சிங்க்குக்குப் பக்கத்தில் நின்றபடி அழுதுவிட்டேன். யாரோ உள்ளே வரவும், கண்ணில் அமிலம் பட்டுவிட்டது என்று சொல்லி முகம் கழுவினேன்.

என்ன வாசனை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நல்ல வாசனை. அவ்வளவுதான்.

ஒன்பது: நல்லது.

ஜூன் 10, வெள்ளி

இவர் எண்ணெய் வைப்பதை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. முடி தேங்காய் நார் மாதிரி நிற்கிறது. எண்ணெய் இல்லாமலும் செத்த எலிதான். அதைச் சொன்னேன். "சரி" என்றார். விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக் காப்பிக் கடைக்குப் போய்விடுகிறார். வீட்டில் அடுப்பு இருக்கும்போது அங்கே அப்படி என்ன வேலையோ. ஊர்க்கதை பேச ஆள் கிடைத்திருக்கும்.

ஜூன் 13, திங்கள்

ஒன்பதைப் புதிதாகச் செய்தேன். காலையில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கொதிக்க வைத்து மத்தியானம் ஐஸில் இறக்கினேன். மஞ்சள் தூளாக அடியில் படிந்தது. வழக்கமாக இதை ஆல்கஹாலில் ஒரே ஒரு தடவை அலசி எடுத்துவிடுவோம். அது சாரின் உத்தரவு. "கழுவக் கழுவ சரக்கு கொறஞ்சிரும்மா. தூக்கிக் காட்டுத மாதிரி இருக்கணும், குப்பியில ஒரு கைப்பிடியாவது இருக்கணும்" என்பார்.

இந்தத் தடவை எனக்குப் பொறுக்கவில்லை. தட்டு, புனல், என் கை எல்லாமே நாறுகிறது. பத்திரிகைக்காரர் கேட்ட சாம்பிள் வேறு. மொத்தத்தையும் சூடான ஆல்கஹாலில் கரைத்துத் திரும்பப் படிய விட்டேன். மறுபடி. மறுபடியும். கடைசியில் ஊசி ஊசியாக, கற்கண்டு மாதிரி மினுக்கிக்கொண்டு நின்றது. ஐந்து வருஷத்தில் இவ்வளவு அழகான சரக்கை நான் செய்ததில்லை.

ஆசையாக மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றும் இல்லை. கண்ணாடியை மோந்த மாதிரி. சே.

பழைய குப்பியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கப் போகிறேன். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அது என்னட்டி குப்பி?" என்றார். "மருந்து" என்றேன்.

ஜூன் 17, வெள்ளி

ஜோன் வரவில்லை.

ரோஸ்லின் தட்டைத் திறந்து காட்டினாள். எனக்கு இப்போது அந்தத் தட்டுகள் எப்படி நாறுகின்றன என்று எழுதினால் டாக்டருக்கும் சோறு இறங்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பார்த்தேன். என் கற்கண்டில் நனைத்த பொட்டின்மேல் கிருமி கம்பளி போர்த்தியிருந்தது.

"என்னட்டி ஒலகு, சுண்ணாம்பக் கிண்ணாம்பக் குடுத்துட்டியா?" என்றாள். அவள் வாயில் என் பேர் ஒலகு.

"ஒன் கிருமிக்குத்தான் கொழுப்பு."

"எங் கிருமிக்கு என்ன? மத்த மருந்துக்கெல்லாம் ஒழுங்காத்தான் சாவுது."

சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ரோஸ்லினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூக்கு இல்லாத ஆளு கெமிஸ்ட்ரி பண்ணா இப்படித்தான் இருக்கும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அந்தத் தட்டை அவர் முகத்தில் அப்ப வேண்டும் போல இருந்தது.

ஜூன் 22, புதன்

பழையதையும் புதியதையும் ஒரே தட்டில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். பழையதற்கு ஜோன் வந்திருக்கிறது. புதியதற்கு இல்லை. ஒரே சேர்மம், ஒரே கை செய்தது.

நான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்கிறார் சார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அழகாக இருக்கிறதே என்று மயங்கினேன் பார், அங்கே எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறேன்.

புழுங்கல் அரிசிச் சோறு: ஈரச் சாக்கு. முன்னைக்குத் தேவலாம்.
மல்லிகை: மூத்திரம். பஸ்ஸில் முன்னால் நின்ற அக்காவின் தலையிலிருந்து. இறங்கி அடுத்த பஸ்ஸில் வந்தேன்.
ஒன்பது, பழையது: நல்லது.

ஜூன் 25, சனி

இவருக்குப் புத்தி கெட்டுவிட்டது. பிரியாணி வாங்கிவந்தார்.

"நீ ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கியே. மேலப்பாளையத்துல புதுக் கட ஒண்ணு, ரொம்ப நல்லாருக்குன்னாவ" என்று பொட்டலத்தைப் பிரித்தார். கோழி. கோழி எனக்கு எப்படி இருக்கும் என்று இவருக்குச் சொல்லியிருக்கிறேனா இல்லையா? செப்டிக் டேங்க்கைத் திறந்து அதில் வெங்காயத்தை வதக்கின மாதிரி. "எடுத்துட்டுப் போங்க, வெளிய போங்க" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். இவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத் துணி எடுக்கப் போனேன். இலையை மடித்துக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டுக் குழாயடியில் கைகழுவிக்கொண்டிருந்தார். அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். பிடித்த மூச்சு பாதியில் விட்டுப்போயிற்று.

அந்த நாற்றத்துக்கு நடுவில் ஒரு நல்ல வாசனை. என் வாசனை. இலையைப் பிரித்தேன். இவர் கடிக்காமல் ஒதுக்கி வைத்த ஒரு துண்டு.

பட்டை.

"என்னட்டி, எச்சியிலய கிளறிக்கிட்டு இருக்க?" என்றார். நான் துணியை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

ஒரே வாசனையில் ஆயிரம் பொருள் இருக்கும் உலகத்தில்.

ஜூன் 28, செவ்வாய்

ரோஸ்லினிடம் குப்பியை நீட்டி, "மோந்து பாரு, என்ன வாசன?" என்றேன்.

"பட்டதான்."

"எப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

"நீ குடுத்த நாள்ல இருந்து இப்படித்தான் இருக்கு. ஒங்க லேப்புலருந்து எது வந்தாலும் பட்டதான் அடிக்கும். நீ குடுத்த ரெக்கார்டு நோட்டுகூட அப்படித்தான் அடிச்சிச்சு. இதுல என்னட்டி அதிசயம்?"

அதிசயம் என்னவென்றால், அடி ரோஸ்லின், ஒன்பதுக்கு வாசனையே இருக்கக்கூடாது. பட்டைச் சரக்கும் இன்னொரு சரக்கும் சேர்ந்து ஆளே மாறித்தான் ஒன்பது ஆகிறது. சேர்ந்த பிறகு பழைய வாசனை எங்கிருந்து வரும்? சேராமல் மிச்சம் கிடந்தால்தான் வரும். ஒரு தடவை மட்டும் அலசினால் மிச்சம் கிடக்கும். பிரியாணி லேப், பிரியாணி லேப் என்று சிரித்துக்கொண்டே இருந்ததில் குப்பிக்குள்ளும் அதுவேதான் இருக்கிறது என்று ஒரு மூக்குக்கும் உறைக்கவில்லை. என் மூக்கும் அதில் ஒன்று.

இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். எழுதும்போதே கை கூசுகிறது.

ஜூலை 1, வெள்ளி

தட்டு வைத்தாயிற்று. நான்கு பொட்டு. பழைய ஒன்பது, புது ஒன்பது, கரைக்கிற திரவம் மட்டும், கடைசியாகக் குளிர்பெட்டியில் மிச்சமிருந்த சின்னமால்டிஹைடில் ஒரு சொட்டு. எதற்கு இது என்று ரோஸ்லின் கேட்கவில்லை. நாலாவது பொட்டை வைக்கும்போது மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

ஜூலை 2, சனி

நாலாவதற்குப் பெரிய ஜோன். பழையதற்கு வழக்கமான ஜோன். கரைக்கிற திரவத்துக்கும் புதியதற்கும் ஒன்றும் இல்லை.

தூ.

ஜூலை 4, திங்கள்

இரண்டு நாளாக வாய் கசக்கிறது. ஐந்து வருஷம். கையெல்லாம் மஞ்சள் கறை, ஆசிட் பட்டுச் சுடிதாரெல்லாம் ஓட்டை, கல்யாணமாகி இரண்டு தீபாவளியை லேபில் கழித்தேன். எதற்கு? பட்டை கிருமியைக் கொல்லும் என்று கண்டுபிடிக்க. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தருவதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரை வைத்து, கம்ப்யூட்டரில் அந்தக் காய்ச்சல் கிருமியின் படத்தின்மேல் ஒட்டிப் பார்த்து, 'வைரஸையும் தடுக்கக்கூடும்' என்று எழுதி, அதற்கு மேடையில் கைதட்டு வேறு. கண்ணாடியைப் பார்த்தால் குமட்டுகிறது. இது மூக்கின் கோளாறு இல்லை, டாக்டர்.

நாளை சாரிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 5, செவ்வாய்

சொன்னேன். தட்டைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். சார் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. டீயை பீக்கரில் ஊற்றிக் குடிக்கிற மனுஷன், நிதானமாக ஒரு வாய் குடித்துவிட்டு, "சரி, இப்ப என்னங்க?" என்றார். கரிசனமாகப் பேசும்போது மாணவர்களையும் 'என்னங்க' என்பார்.

"ஒன்பது வேல செய்யல சார். பட்டதான் செய்யுது."

"மொத தடவ செஞ்ச அன்னைக்கே ஒரு சின்னப் புள்ளி தெரிஞ்சுது" என்றார். சேர்மம் சுத்தமா என்று பார்க்கிற தகட்டில் ஒரே புள்ளிதான் தெரிய வேண்டும். "ஓரமா, மங்கலா. நீ பயந்துருவேன்னு நாந்தான் பெருசு பண்ணல."

சாருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

"ஒனக்கு ஜூலையோட டைம் முடியுது. சங்கரன்கோவில் காலேஜுல ஒனக்காக எடம் சொல்லி வச்சிருக்கேன். பட்டம் இல்லாம அங்க எப்படிப் போவ? இப்ப பாரு. அந்த ஆளு என்ன கேட்டிருக்கான்? புதுசா செஞ்சு காட்டுன்னான். கழுவுன்னு எங்கயாவது எழுதியிருக்கானா? காட்டு பாப்போம்."

தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"நம்ம பேப்பர்ல என்ன எழுதியிருக்கோம்? ஆல்கஹாலில் கழுவப்பட்டதுன்னு. எத்தன தடவன்னு இருக்கா? நீ பாட்டுக்கு மூணு தடவ கழுவுனா அது நம்ம முற இல்லல்லா. நம்ம முறப்படி செய். ஜோன் வரும். இதுல பொய் எங்கம்மா இருக்கு?"

சொல்லி முடித்து ஈறில் சிக்கிய முறுக்கை நாக்கால் துழாவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

ஜூலை 8, வெள்ளி

ஒன்பது செய்தேன். ஒரு தடவை அலசினேன்.

நல்ல வாசனை.

ஜூலை 9, சனி

ஜோன் வந்தது. ரோஸ்லின் தட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "எம் பேரும் பேப்பர்ல இருக்கு ஒலகு, அத மட்டும் ஞாபகத்துல வச்சுக்கோ" என்றாள்.

இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இவர் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டே கேட்டார்: "அந்தக் குப்பி ஒன்னுதான் ஒனக்கு நல்லாருக்கா?" ஆமாம் என்றேன். "அது மாதிரி சென்ட் எதாவது கெடைக்குமா? நான் போட்டுக்கிடுதேன்."

படுங்க பேசாம என்றேன்.

ஜூலை 14, வியாழன்

டாக்டர், இந்தப் பக்கத்தை நீங்கள் தாண்டிவிடலாம்.

காலையில் லேபுக்குள் நுழையும்போதே தரை துடைத்திருந்தது, சிங்க் அடைப்பை எடுத்திருந்தார்கள், சார் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். "பேப்பர்லேருந்து தம்பி ஒருத்தர் வாராரு" என்றார். பத்திரிகை பேப்பர் இல்லை, செய்தித்தாள். இன்னும் ஏற்றுக்கொள்ளப்படாத ஆராய்ச்சிக்குச் செய்தி. "தலைப்பே சொல்லிட்டேன் அவருகிட்ட. மூக்கை இழந்த மாணவி, கிருமியை வென்றார். எப்படி? ஒனக்கு வந்த கஷ்டத்த ரெண்டு வரி உருக்கமா சொல்லிரு. அந்த வைரஸ் ஒன் மூக்கத் தின்னுச்சு, நீ அந்த வைரஸையே பழி வாங்குத. ஜனங்களுக்குப் பிடிக்கும்."

பழி வாங்குகிறேனாம். என் நாற்றத்தையும் விட்டுவைக்கவில்லை இந்த மனுஷன். அதையும் சுரண்டி எடுத்துக் குப்பியில் போட்டுக் குலுக்கிவிட்டார்.

செய்தியாளர் தம்பி பேர் இளம்பரிதி. மரியாதையான பையன். சார் பேசப் பேச எழுதிக்கொண்டார். கிருமி, வைரஸ், நாட்டுக்கே உதவும், அடுத்த கட்டம், எல்லாம் வந்தது. பிறகு போட்டோ. "மேடம், அந்த மருந்துக் குப்பிய மூக்குகிட்ட வச்சு மோந்து பாக்குத மாதிரி ஒரு போஸ் குடுங்க. மூக்கு மேட்டர்ல்லா, கரெக்டா இருக்கும்."

குப்பியைத் திறந்தேன். வைத்தேன். அந்த அறையில் சாரின் சட்டைக் கஞ்சி நாறியது, அந்தத் தம்பி குடித்துவிட்டு வந்த டீ நாறியது, என் கை நாறியது. நாறாத பொருள் என் மூக்குக்குக் கீழே இருந்தது ஒன்றுதான். அதுதான் பொய்.

"சிரிங்க மேடம்."

தம்பிக்கும் வாசனை எட்டியிருக்க வேண்டும். கேமராவை இறக்கி, "சார், பிரியாணி வாசன வருதே" என்றார்.

சார் கடகடவென்று சிரித்தார். "எங்க லேப்புக்கு பேரே பிரியாணி லேப்தான் தம்பி! அதையும் எழுதிக்கோங்க."

"அது லேப் வாசன இல்ல தம்பி" என்றேன். நான் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. "இந்தக் குப்பிக்குள்ளேருந்து வருது. பட்ட வாசன. கிருமியக் கொல்லுதது அதான். நாங்க சரியாக் கழுவாம விட்ட மிச்சம். நல்லாக் கழுவிட்டா இந்த மருந்து ஒரு கிருமியையும் கொல்லாது. வைரஸையும் கொல்லாது. நான் கழுவிப் பாத்துட்டேன்."

சார் எங்கள் நடுவில் வந்து நின்றார். "உடம்பு சரியில்லாத பிள்ள..." என்று ஆரம்பித்தார்.

"மூக்குதான் சார் சரியில்ல" என்றேன். "கீழ ரோஸ்லின்கிட்ட தட்டு இருக்கு. தம்பிய வேணும்னா கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன்."

இளம்பரிதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தத் தம்பிக்குப் பாவம், வேர்த்துவிட்டது. "அப்போ... கண்டுபிடிப்பு எதும் இல்லியா மேடம்?"

"ஒன்பது வேல செய்யலன்னு கண்டுபிடிச்சிருக்கோம். அதப் போடுங்க."

"அது நியூஸ் ஆகாது மேடம்" என்றார், ரொம்ப வருத்தமாக. நோட்டை மூடிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் போனதும் சார் கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார், சாப்பிடாமல் மடித்து வைத்தார். "கெடுத்துட்டியேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்கக் கிழவராகத் தெரிந்தார், அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. பாவப்படக்கூட விடமாட்டேன் என்கிறார்கள் என்னை.

ஜூலை 15, வெள்ளி

பேப்பரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பத்திரிகைக்கு மின்னஞ்சல் போனது. சார் பேரில், ரோஸ்லின் பேரில், என் பேரில். அனுப்பாவிட்டால் தானே அனுப்பிவிடுவேன் என்று ரோஸ்லின் சார் மேசைக்கு எதிரிலேயே போய் நின்றாளாம்.

ஜூலை 18, திங்கள்

துறைத்தலைவர் கூப்பிட்டார். பேப்பர் இல்லாமல் ஜூலைக்குள் தீசிஸ் கொடுக்க வழியில்லை. வேண்டுமானால் புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம், வேறு கைடு கிடைத்தால். கிடைக்கும் என்று அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை. நெல்லையப்பன் சாரை எதிர்த்துக்கொண்டு வந்த பெண்ணை யார் எடுப்பார்கள்? சங்கரன்கோவில் இடத்துக்கு வேறு ஒருவரைச் சொல்லிவிட்டாராம் சார்.

ஆக, பட்டம் இல்லை. எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் எழுதினேன். பட்டம் இல்லை.

ரோஸ்லின் கல்லூரி வாசலில் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பன்னெண்டும் கொல்லலன்னு எழுதி அனுப்புவோம்ட்டி. எவனாவது ஒருத்தன் இதையே திரும்பச் செஞ்சு ஒன்ன மாதிரி அஞ்சு வருஷத்தத் தொலைக்காம இருப்பான்லா." எவன் போடுவான் அதை என்றேன். "போட மாட்டான். எழுதுவோம்" என்றாள். பல்பசை நாற்றத்தோடுதான் பேசினாள். முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

லேபுக்குத் திரும்பிப் போய் மூன்று குப்பியையும், பழையது, கற்கண்டு, கடைசியாகச் செய்தது, கழிவுக் கேனில் கொட்டினேன். கொட்டும்போது மோந்து பார்க்கவில்லை.

ஜூலை 20, புதன்

விடிந்ததும் இவர் சட்டையை மாட்டினார். காப்பிக் கடைக்கா என்றேன். ஆமாம் என்றார். அந்தக் கடையில் அப்படி என்ன இருக்கிறது என்றேன். "ஒண்ணும் இல்ல. வீட்ல போட்டா ஒனக்கு ஒமட்டும்லா" என்றார்.

இத்தனை நாளும் அதற்குத்தானா?

சட்டையைக் கழற்றச் சொன்னேன். அடுப்பில் பால் வைத்தேன், டிகாஷன் இறக்கினேன். இவர் சமையல்கட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல். வீடு முழுக்கக் கருகின ரப்பர். மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு டம்ளரை நீட்டினேன். குடித்தார்.

"குப்பி எங்க, காணும்?" என்றார்.

"கொட்டிட்டேன்."

"ஏன், அது ஒன்னுதான..."

"அது சுத்தமில்ல."

பட்டம் போனதையும் அப்போதுதான் சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டுத் தள்ளியே நின்றார், எங்கே நின்றால் நான் கத்துவேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டு. அந்த வறண்ட தலையைப் பார்க்கச் சகிக்கவில்லை. அலமாரியின் பின்பக்கம் ஒளித்து வைத்திருந்த எண்ணெய்ப் புட்டியை எடுத்தேன். முக்காலியில் உட்காரச் சொன்னேன். "வேண்டாம்ட்டி, ஒனக்கு..." என்றார். "பேசாம இருங்க" என்று உள்ளங்கை நிறைய ஊற்றி உச்சியில் வைத்து அரக்கித் தேய்த்தேன். காதுக்குப் பின்னால், பிடரியில், எல்லா இடத்திலும் தேய்த்தேன்.

காப்பி: கருகின ரப்பர். வெங்காயம் இன்று இல்லை.
தேங்காய் எண்ணெய்: செத்த எலி.
இவர் தலை: அதே.
கையை இன்னும் கழுவவில்லை.